எல்லையோரத்தில் கைச்சுருட்டுப் பட்டறை தொடங்குவோருக்கு: இலை முதல் பெட்டி வரை

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் என்று பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில் வாழும் நம் மக்களுள், நல்ல தரத்தில் கைச்சுருட்டு செய்து விற்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலை தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, பட்டறை கேரளத்தில் இருக்கிறது, வாங்குபவர் இரு பக்கமும் இருக்கிறார். ஆகவே ஒவ்வொரு அடியிலும் இரண்டு மாநிலங்களின் நடைமுறைகளும் மத்திய அரசின் சட்டங்களும் குறுக்கே வருகின்றன. எந்தத் தாளை எப்போது எடுக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்லக்கூடியவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் அலுவலகத்தின் சான்றைக் கேட்டார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுருட்டு உடலுக்குக் கேடானது. புகையை உள்ளே இழுக்காதவருக்கும் வாய், தொண்டைப் புற்றுநோயைத் தரக்கூடியது. சட்டம் இதை இவ்வளவு கட்டுப்படுத்துவதற்குக் காரணம் அதுதான். அந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லையாக நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்பது என் கருத்து.

1. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

இந்தத் தொழிலில் இரண்டு காலக்கணக்குகள் ஓடுகின்றன: ஒன்று இலையுடையது, மற்றொன்று தாள்களுடையது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் நடும் புகையிலை மாசி, பங்குனி வாக்கில் அறுவடையாகிறது. உலர்ந்து சிப்பமாகிக் கைக்கு வரச் சித்திரை, வைகாசி ஆகிவிடும். நல்ல இலை வேண்டுமானால் அப்போதே வாங்கியாக வேண்டும். ஆடிக்குப் பிறகு மண்டியில் கிடப்பது பெரும்பாலும் பிறர் கழித்தது. இலை வாங்கும் நாளில் உங்களிடம் ஜிஎஸ்டி பதிவும் சேமித்துவைக்க அனுமதி பெற்ற இடமும் இருக்க வேண்டும். ஆகவே தாள் வேலையை முந்தைய ஆவணியிலேயே தொடங்குங்கள். இலையை முதலில் வாங்கிவிட்டு உரிமத்துக்குப் பின்னால் ஓடுபவர்கள், கணக்கில் காட்ட முடியாத சரக்கோடு மழைக்காலத்தைக் கடக்க வேண்டியிருக்கும்.

2. இடமும் அதற்கான தாள்களும்

சொந்தக் கட்டடமானால் வில்லேஜ் ஆபீஸில் பெறும் உடைமைச் சான்று, நடப்பு ஆண்டின் நிலவரி ரசீது, பஞ்சாயத்துக் கட்டட வரி ரசீது ஆகிய மூன்றும் அடிப்படை. வாடகையானால் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், அவர் பெயரிலுள்ள வரி ரசீது, மின்கட்டண ரசீது ஆகியவை வேண்டும். இந்த நான்கிலும் கட்டட எண் ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். வார்டு எல்லைகள் மாறியபோது கட்டட எண்களும் மாறியிருக்கும். மின்கட்டண ரசீதில் பழைய எண்ணும் வரி ரசீதில் புதிய எண்ணுமாக விண்ணப்பித்தால், பஞ்சாயத்து முதல் ஜிஎஸ்டி வரை எல்லா இடத்திலும் அது திரும்பி வரும். வேறு எதைச் செய்வதற்கு முன்பும் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கட்டடத்தின் பயன்பாட்டு வகையையும் கேளுங்கள். குடியிருப்பு என்று பதிவான வீட்டின் முன்னறையில் ஆள் வைத்துத் தொழில் நடத்த உரிமம் கிடைக்காது. பஞ்சாயத்து விண்ணப்பங்கள் இப்போது கே-ஸ்மார்ட் தளத்தின் வழியாகச் செல்கின்றன; கணினி பழக்கம் இல்லாதவர்கள் அக்‌ஷயா மையத்தில் செய்துகொள்ளலாம்.

மலையாளத்தில் எழுத வராதவர்களுக்கு ஒரு செய்தி. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் பெறலாம். கடிதங்களுக்கு இந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் இணையதளப் படிவங்களில் பெயரையும் முகவரியையும் ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே நிரப்புங்கள். தமிழ்ப் பெயர் மலையாளத்துக்குப் போய் அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் தொல்லை.

3. 'உடனே தொடங்கலாம்' என்ற பேச்சை நம்பாதீர்கள்

கேரளத்தில் சிறுதொழில் தொடங்குவோர் கே-ஸ்விஃப்ட் தளத்தில் தாமே உறுதிமொழி கொடுத்து, ஒப்புகைச் சான்று பெற்று, மற்ற உரிமங்களுக்குக் காத்திராமல் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம் என்ற வசதி உண்டு. தரகர்கள் இதைச் சொல்லித்தான் முன்பணம் கேட்பார்கள். மாசு அளவில் சிவப்பு வகையில் (மிக அதிக மாசு தருபவை) வரும் தொழில்களுக்கு இந்த வசதி இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 பட்டியலில் புகையிலைப் பொருள் தயாரிப்பு சிவப்பு வகையில் இருந்தது. கையால் சுற்றுவதில் என்ன மாசு என்று வாதிட்டுக்கொண்டிருந்தால் மாதங்கள்தான் போகும். வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் தொழிலின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, எந்திரம் உண்டா இல்லையா, இலைத் தூளும் கழிவும் எங்கே போகும் என்பவற்றை எழுதிக் கொடுத்து, உங்கள் பட்டறைக்கு எந்த வகை பொருந்தும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு இசைவுகள்: நிறுவுவதற்கான இசைவு, இயக்குவதற்கான இசைவு. கட்டணம் முதலீட்டின் அளவைப் பொறுத்தது என்பதால் முதலீட்டுக் கணக்கில் கணக்கரின் கையெழுத்து வேண்டும். நீர் மாசுச் சட்டம் வாரியத்துக்கு நான்கு மாதம் வரை அவகாசம் தருகிறது. அந்த நான்கு மாதத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்தே வையுங்கள். ஆவணியில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

4. ஜிஎஸ்டியும் எக்சைஸும்: இரண்டும் வேண்டும்

சிறிய அளவில் செய்வதால் ஜிஎஸ்டி வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பொருள் விற்பவர்களுக்கான 40 லட்சம் ரூபாய் விலக்கு வரம்பு புகையிலைப் பொருள் தயாரிப்பவர்களுக்குப் பொருந்தாது. 20 லட்சம்தான் எல்லை. அதைவிட முக்கியம், மாநிலம் விட்டு மாநிலம் வரிவிதிப்புப் பொருளை விற்பவர் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பொள்ளாச்சிக் கடைக்குப் பத்துப் பெட்டி அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. நம் ஊரில் தமிழ்நாடு தெரு முனையிலேயே தொடங்கிவிடுவதால் இது பலருக்கு உறைப்பதில்லை. காம்போசிஷன் என்ற எளிய திட்டமும் புகையிலைப் பொருள் தயாரிப்பவர்களுக்குக் கிடையாது. ஆகவே முதல் நாளிலிருந்தே முறையான பதிவுதான் வழி.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார், புகைப்படம், இடத்துக்கான தாள்கள், வங்கிக் கணக்கு விவரம் போதும். ஆதார் சரிபார்ப்பு தடையின்றி முடிந்தால் 7 வேலை நாட்களில் எண் வரும். இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்தால் 30 நாட்கள் வரை ஆகும். புகையிலை என்றாலே நேரில் வருவார்கள் என்று எண்ணி, பெயர்ப்பலகையை முன்கூட்டியே மாட்டிவைத்து, பகலில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனால் விண்ணப்பம் நிராகரிப்பில் முடியும்.

ஜிஎஸ்டி வந்த பிறகு மத்திய எக்சைஸ் (பொருளைத் தயாரிப்பதன் மேல் விதிக்கும் தீர்வை) ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் மற்ற பொருட்களுக்குச் சரி, புகையிலைக்குத் தவறு. சுருட்டுக்கு ஜிஎஸ்டியோடு எக்சைஸ் தீர்வையும் உண்டு, அதற்குத் தனிப் பதிவும் உண்டு. இந்தப் பதிவுக்கும் கட்டணம் இல்லை. விகிதங்களைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பரில் கூடிய 56-ஆவது ஜிஎஸ்டி மன்றம் சுருட்டு, சிகரெட் முதலியவற்றுக்கு 40 சதவீதம், பீடிக்கு 18 சதவீதம் என்று முடிவு செய்தது. பீடியின் கணக்கை வைத்துச் சுருட்டுக்கு விலை போட்டவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். எக்சைஸ் விகிதம் பட்ஜெட்தோறும் மாறக்கூடியது என்பதால், விலை நிர்ணயிக்கும் வாரத்தில் அன்றைய அறிவிக்கையைக் கணக்கரோடு உட்கார்ந்து பாருங்கள்.

5. மானியக் கடன்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் 25, 35 சதவீத மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பீடி, சுருட்டு, சிகரெட் அந்தத் திட்டத்தின் தடைப் பட்டியலில் உள்ளன. சொந்த முதல் வேண்டும். அது ஓராண்டு இலையில் முடங்கிக் கிடக்கவும் வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

6. இலை வாங்குதல்

நல்ல சுருட்டில் மூன்று வகை இலை இருக்கிறது. நடுவில் காரத்தையும் மணத்தையும் தரும் உள்ளிலை. அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை. எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியும் மேலிலை. கியூபாவின் வுவெல்டா அபாஹோ பகுதியில் மேலிலைக்கென்றே வயலின் மேல் துணிப்பந்தல் போட்டு, நேர்வெயில் படாமல் செடியை வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த இலை மெல்லியதாகவும் நரம்பு அடங்கியும் இருக்கும். நம்மிடம் உள்ளிலைக்குக் குறையில்லை. மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் சுருட்டுப் புகையிலைக்கும் வாய்ப்புகையிலைக்கும் வேடசந்தூரில் 1948-இலேயே நிலையம் அமைத்தது அந்த மண்ணின் தகுதியால்தான். ஆந்திரத்தில் கோதாவரி ஆற்றுத் தீவுகளான லங்கைகளில் விளையும் லங்கா புகையிலையும் சுருட்டுக்குப் பேர்போனது. மேலிலைதான் சிக்கல். வடவங்காளத்தில் கூச்பிகார் மாவட்டத்தின் தின்ஹாட்டாப் பக்கம் மேலிலைக்கு ஏற்ற புகையிலை விளைகிறது. அங்கிருந்து வரவழைக்கும்போது, கிழிந்த இலையின் பங்கு எவ்வளவு இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கிழிந்த மேலிலை கட்டு இலையாகத்தான் பயன்படும், ஆனால் விலை மேலிலை விலையாக இருக்கும்.

வர்ஜீனியா புகையிலையை விளைவிப்பவரும் வாங்குபவரும் குண்டூரிலுள்ள புகையிலை வாரியத்தில் பதிவு பெற வேண்டும். வெயிலில் உலர்த்தும் நாட்டுச் சுருட்டு இலை அந்தக் கட்டுப்பாட்டில் வருவதில்லை. மண்டியில் யாராவது வாரியப் பதிவு வாங்கித் தருகிறேன் என்றால் உங்களுக்கு அது தேவையில்லை.

சிப்பத்தைப் பிரிக்காமல் விலை பேசாதீர்கள். மேல் அடுக்கில் நல்ல இலையை வைத்து, நடுவில் ஈரம் கட்டியதை வைப்பது பழைய வழக்கம். கையை நடுவரை விட்டு ஓர் இலையை உருவுங்கள். அதை உள்ளங்கையில் கசக்கி விட்டால் மெல்ல விரிய வேண்டும். நொறுங்கினால் மிகையாக உலர்ந்தது. கசங்கியபடியே ஒட்டிக்கொண்டால் எடை கூட்டத் தண்ணீர் தெளித்தது. இலையின் பின்புறம் சாம்பல் நிறப் பூப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நடுநரம்போரம் குண்டூசி முனையளவு துளைகள் இருந்தால் அது புகையிலை வண்டு, அந்தச் சிப்பம் மட்டுமல்ல, அதன் பக்கத்துச் சிப்பமும் வேண்டாம்.

வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பதிவு பெற்ற நீங்கள் நேரடியாக விவசாயியிடம் இலை வாங்கினால், 5 சதவீத வரியை அவர் கட்டமாட்டார். நீங்கள்தான் ரொக்கமாக அரசுக்குக் கட்டி, பிறகு உள்ளீட்டு வரவாக (உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உங்கள் பெயரில் நீங்களே ஒரு பில் எழுத வேண்டும். சரக்கு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அது முடிந்திருக்க வேண்டும். விவசாயி என்பதற்குச் சான்றாக அவருடைய சிட்டா, அடங்கல் நகலையும் ஆதார் நகலையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். மண்டி வியாபாரியிடம் வாங்கினால் அவரே வரி போட்டுப் பில் தருவார். வேலை குறைவு, விலை கூடுதல். இந்த 5 சதவீதம் இலை இலையாக வரும்போதுதான். விலை குறைவு என்று நறுக்கிப் பதப்படுத்தியதை வாங்கினால் உயர்ந்த விகிதத்துக்குள் போய்விடுவீர்கள். கைச்சுருட்டுக்கு அது உதவவும் உதவாது.

7. வண்டி எல்லை தாண்டும் நாள்

வாளையாரிலும் கோபாலபுரத்திலும் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் 2017-இல் ஜிஎஸ்டியோடு நின்றுபோயின. ஆனால் பறக்கும் படையும் காவல்துறையும் எந்த இடத்திலும் நிறுத்தலாம். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) கட்டாயம். விவசாயிக்குப் பதிவு இல்லாததால் வாங்கும் நீங்கள்தான் அதை எடுக்க வேண்டும். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லும். வேடசந்தூரிலிருந்து நம் ஊர் அந்தத் தொலைவுக்குள்தான் இருக்கிறது. என்றாலும் மாலையில் சிப்பம் ஏற்றத் தாமதமானால் பில்லை எடுக்காமல் பொறுத்திருங்கள்; வண்டி புறப்படும்போது எடுப்பதே நல்லது.

கேரளத்தில் 2012 முதல் குட்காவுக்கும் வாயில் போடும் புகையிலைப் பொருட்களுக்கும் தடை இருக்கிறது. சாலையில் நிறுத்தும் காவலருக்குச் சாக்கில் இருக்கும் புகையிலை எதற்கானது என்று தெரிய வழியில்லை. பில்லில் 'புகையிலை' என்று மட்டும் எழுதாமல், 'பதப்படுத்தித் தயாரிக்கப்படாத புகையிலை இலை, எச்.எஸ்.என். 2401, சுருட்டுத் தயாரிப்புக்காக' என்று முழுமையாக எழுதச் செய்யுங்கள். உங்கள் எக்சைஸ் பதிவுச் சான்றின் நகலும் பஞ்சாயத்து உரிமத்தின் நகலும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும். இவை இருந்தால் பேச்சு விரைவில் முடியும். இல்லாவிட்டால் ஒரு வண்டி இலை காவல் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும்.

8. பாடம் போடுதல்

காசு இருந்தால் இலை வாங்கிவிடலாம். பாடத்தை, அதாவது இலையைப் பக்குவப்படுத்துவதை, காசு கொடுத்து வாங்க முடியாது. உலர்ந்த இலையை லேசாக ஈரப்படுத்தி, காம்புப் பக்கம் வெளியே இருக்கும்படி அம்பாரமாக அடுக்கி, சாக்கால் மூடிவைத்தால், சில நாட்களில் உள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டில்தான் இலையின் பச்சைக் கடுமை போகிறது. சூடு 50 பாகையைத் தாண்டும் முன் அம்பாரத்தைக் கலைத்து, உள்ளிருந்ததை வெளியேயும் வெளியிலிருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். இரும்புக் குழாய்க்குள் நுழைத்த ஒரு வெப்பமானி போதும். ஆனால் காலையும் மாலையும் பார்க்க வேண்டும், ஓர் இரவு விட்டாலும் நடு அடுக்கு கருகிப் பயனற்றுப் போகும். சூடு ஏறுவது மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

நின்றுவிட்டது என்பதாலேயே இலை தயார் என்று எண்ணக்கூடாது. பாடத்தின்போது இலையிலிருந்து அம்மோனியா வெளியேறுகிறது. சாக்கை விலக்கியதும் மூக்கைக் குத்துவது அதுதான். எங்கள் பட்டறைக்கு வரும் மூத்த சுற்றுக்காரர், வெப்பமானியைத் திரும்பியும் பார்க்காமல், குனிந்து ஒரு கைப்பிடி இலையை முகத்தருகே கொண்டுபோய், "இன்னும் மூக்குல ஏறுது கண்ணு, மூடிப் போடு" என்பார். அவர் சரி என்று சொல்லும் நாளில் அந்த நெடி மறைந்து, நனைந்த மண்ணும் கருப்பட்டியும் கலந்தது போன்ற மணம் மட்டுமே நிற்கும். அந்த நிலைக்கு வராத இலையில் சுற்றிய சுருட்டு நாக்கை அறுக்கும். எந்த விலையுயர்ந்த பெட்டியும் அதை மறைக்காது. பாடம் முடிந்த பிறகும் இலையைச் சிப்பமாகக் கட்டிக் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு ஓய்வில் வையுங்கள்.

நம் பகுதியின் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் சுவரே வியர்க்கும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று உதட்டோடு இலையையும் வெடிக்கச் செய்யும். சிப்பங்களைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழையில் கதவை மூடி வையுங்கள்; அந்த வறண்ட மாதங்களில் ஈரச் சாக்கைக் கிழக்கு சன்னல்களில் தொங்கவிடுங்கள். இரண்டு ஈரமானிகள் வாங்கி, ஒன்றை அறையிலும் ஒன்றைச் சிப்பங்களுக்கு இடையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை, முடிவுக்கு உதவுவது இரண்டாவது.

9. சுற்றுபவர்களும் அவர்களுக்கான சட்டமும்

சுற்றத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள். பீடி சுற்றியவர் சுருட்டுக்கு எளிதில் பழகிவிடுவார் என்று எண்ண வேண்டாம்; பீடியில் வேகம் சோறு போடுகிறது, சுருட்டில் அதே வேகம் இழுப்பைக் கெடுக்கிறது. உள்ளிலையை ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி நெருக்கும்போது புகை போக நீளவாக்கில் வழி இருக்க வேண்டும். பழகுபவர்கள் அதைக் கயிறு போல் முறுக்கிவிடுவார்கள். பற்றவைத்தால் அது இழுக்காது. மேலிலையின் நடுநரம்பை உரித்து, பளபளக்கும் முகம் வெளியே வர, பலகையில் இடக்கையால் இழுத்துப் பிடித்து, சாய்வாக ஒரே இழுவையில் சுற்ற வேண்டும். முடிவில் ஒரு சொட்டுப் பசை போதும். முடித்த சுருட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அடிமுதல் நுனிவரை அழுத்திப் பாருங்கள்: கல் போன்ற முடிச்சும் இருக்கக்கூடாது, பள்ளமும் இருக்கக்கூடாது. புதியவர் கையில் ஒரு மாதம் வரை விற்கத்தக்கது எதுவும் வராது. அந்த மாதத்துக்கும் முழுக்கூலி கொடுங்கள், உள்ளிலையைப் பிரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் உங்கள் குடும்பத்தினர் மட்டும் சுற்றினால், சுருட்டுத் தொழில் வளாக உரிமம் தேவையில்லை. வெளியாள் ஒருவர் வந்தாலும் நிலைமை மாறும். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த விதிகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பழைய சட்டப் படிவத்தை நகலெடுத்துத் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தொழிலாளர் துறை அலுவலகத்தில் இப்போதைய படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பட்டறையின் வரைபடம், ஆட்களின் எண்ணிக்கை, காற்றோட்டம், கழிப்பறை, குடிநீர் ஆகியவை அதில் இடம்பெறும். சிறுவர் கை எந்த வேலைக்கும் வேண்டாம், காம்பு கிழிப்பதற்குக்கூட. இலைத் தூள் மூச்சில் போகாமல் முகக்கவசமும், உணவுக்கு முன் கைகழுவச் சோப்பும் வைப்பது செலவே இல்லை.

10. பெயர்

வணிகக்குறியைப் புகையிலைப் பொருட்களுக்கான 34-ஆம் வகுப்பில் பதிவு செய்யுங்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உத்யம் சான்று இருந்தால் குறைந்த கட்டணம். ஆட்சேபக் கடிதம் வந்தால் 30 நாட்களுக்குள் பதில் போக வேண்டும். வணிகக்குறி இதழில் வெளியான பின் நான்கு மாதம் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஹவானா, கியூபா, திருச்சி என்று நீங்கள் செய்யாத ஊரின் பெயரைச் சேர்க்காதீர்கள். அது பதிவுக்கும் நில்லாது, வாங்குபவரை ஏமாற்றுவதும் ஆகும்.

11. பெட்டியும் எச்சரிக்கையும்

பெட்டியின் இரண்டு முக்கிய முகங்களிலும் 85 சதவீதப் பரப்பைச் சுகாதார எச்சரிக்கை நிரப்ப வேண்டும்: 60 சதவீதம் படம், 25 சதவீதம் எழுத்து. 2016 ஏப்ரல் 1 முதல் இதுதான் அளவு. அழகிய மரப்பெட்டி செய்தாலும் இதற்கு விலக்கில்லை; ரிப்பனோ உறையோ எச்சரிக்கையை மறைக்கவும் கூடாது. படங்களைச் சுகாதார அமைச்சகம் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றும். ஆயிரக்கணக்கில் அச்சடித்தால் ஒரு பெட்டிக்கு அடக்கம் குறையும் என்று அச்சகத்தார் வற்புறுத்துவார்கள். படம் மாறும் நாளில் மீதி எல்லாம் குப்பை. ஆகவே அடுத்த மாற்றத் தேதியைப் பார்த்து, அதுவரை விற்கும் அளவுக்கு மட்டும் அச்சிடுங்கள். படக்கோப்பை அமைச்சகத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். அச்சகத்தின் கணினியில் கிடப்பது சென்ற சுற்றின் படமாக இருக்கலாம்.

எல்லையோரத்தவர்கள் தடுக்கி விழும் இடம் மொழி. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் பெட்டியில் போட ஆசை வரும். எச்சரிக்கை பெட்டியில் உள்ள மொழியிலேயே இருக்க வேண்டும், இரண்டு மொழிகளுக்கு மேல் கூடாது. எங்கே அதிகம் விற்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்து, ஆங்கிலத்தோடு ஓர் இந்திய மொழியைத் தேர்ந்தெடுங்கள். எச்சரிக்கை இல்லாமல் விற்கும் தயாரிப்பாளருக்கு முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

எடையளவுச் சட்டப்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு விவரம் ஆகியவையும் வேண்டும். பொட்டலமிடுபவராகத் தொடங்கிய 90 நாட்களுக்குள் பதிவு பெற வேண்டும். கட்டணம் 500 ரூபாய். முக்கிய முகங்களில் மிஞ்சும் 15 சதவீத இடத்திலும் பெட்டியின் மற்றப் பக்கங்களிலும் இவை எல்லாவற்றையும் அடக்கி வடிவமைக்கத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். வெற்றிலைப் பெட்டி அச்சடிப்பவர் வேண்டாம்.

12. சுற்றிய பிறகு

சுற்றிய அன்றே பெட்டியில் அடைக்காதீர்கள். மேலிலைக்குக் காட்டிய ஈரம் உள்ளே பரவி அடங்க மூன்று வாரமாவது காற்றோட்டமுள்ள மர அலமாரியில் இருக்கட்டும். அறையின் ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 75-ஐத் தாண்டினால் பூஞ்சை. பொதுவான வெப்பம் 24 பாகைக்கு மேல் போனால் வண்டின் முட்டைகள் பொரியத் தொடங்கும், நம் ஊரில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். முடித்த சுருட்டுகளைக் காற்றுப் புகாத பையில் இட்டு, குளிர்ப்பெட்டியில் ஒரு நாள், பிறகு -20 பாகை உறைபெட்டியில் நான்கு நாள், மறுபடி குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் என்று வைத்து வெளியே எடுத்தால் முட்டைகள் அழியும். நேரடியாக உறையவைத்து நேரடியாக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். மின்தடை மணிக்கணக்கில் நீளும் கிராமங்களில் அந்த நான்கு நாளைக் கோடையில் வைக்காதீர்கள்.

13. விற்பனையும் வரி நாட்களும்

பள்ளி, கல்லூரியின் எல்லையிலிருந்து 100 கஜச் சுற்றளவுக்குள் விற்கக்கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக்கூடாது. அதைச் சொல்லும் 60-க்கு 30 சென்டிமீட்டர் பலகை கடையில் இருக்க வேண்டும். விளம்பரம் செய்யக்கூடாது. சமூக வலைத்தளத்தில் சுருட்டின் படத்தைப் போட்டு 'ஆர்டர் எடுக்கிறோம்' என்று எழுதுவதும் விளம்பரம்தான். புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்குகிறார்கள். உங்களைத் தேடி வருபவர் உரிமம் பெற்ற கடைக்காரராக இருக்கட்டும். அவருக்கு மாதிரியைக் கையில் கொடுத்துப் பேசுங்கள்.

மாதந்தோறும் மூன்று நாட்களைச் சுவரில் எழுதி வையுங்கள். பட்டறையிலிருந்து வெளியேறிய சரக்குக்கான எக்சைஸ் தீர்வையை இணையவழியில் கட்ட அடுத்த மாதம் 6-ஆம் தேதி. விற்பனை விவரத்துக்கு 11. ஜிஎஸ்டி கட்டுவதற்கு 20. மார்ச் மாதத்து எக்சைஸ் மட்டும் அந்த மாதம் 31-ஆம் தேதிக்குள்ளேயே போக வேண்டும். அது பங்குனி நடுப்பகுதி, அடுத்த ஆண்டு இலைக்கு விவசாயிகளுக்கு முன்பணம் கொடுக்கும் நேரமும் அதுவே. இரண்டுக்கும் பணம் ஒரே வாரத்தில் தேவைப்படும். தை மாதத்திலிருந்தே தீர்வைக்கான தொகையைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கத் தொடங்குங்கள். இலைக்கு வைத்த பணத்தில் கை வைக்க வேண்டியிராது.